தேவதைக் கதையை இரு ஆண்களின் காதலாக எழுத, பாலினத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

போதாது. சிண்டரெல்லாவை இளைஞனாக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் கதை நொண்டும். பரவலாகச் சொல்லப்படும் வடிவில் நடன விருந்தே இளவரசனுக்குப் பெண் பார்க்கத்தான். வாரிசு பற்றிய அரண்மனைக் கவலைக்கு நீங்கள் வழி சொல்லியாக வேண்டும்.

கண்ணாடிச் செருப்போ நன்றாகக் கைகொடுக்கும். கைகோத்து ஆடியவளின் முகம் மறந்து, செருப்பை வைத்துத் தேடுவது மூலக்கதையிலேயே எனக்கு உறுத்தும் இடம். உங்கள் கதையில் இளவரசனுக்கு முகம் நினைவிருக்கிறது. தேடுவது ஓர் ஆணை என்று சபையில் சொல்லத்தான் வாய் வரவில்லை. செருப்பு வெறும் சாக்கு. அதை வீடு வீடாகப் பெண்களின் காலில் மாட்டிப் பார்க்கும் சேவகனுக்கும் விஷயம் தெரிந்திருக்கலாம்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னி கதை இன்னும் எளிது. நண்பர் எட்வர்ட் காலினுக்கு உருகி உருகிக் கடிதம் எழுதியவர் அவர். காலினின் திருமணம் 1836-இல். கதை வெளியானது 1837-இல். வாய்விட்டுச் சொல்ல முடியாத காதல் அதில் ஏற்கெனவே இருக்கிறது.