சிங்கப்பூரில் வாடகை அறையும் சிகரெட்டும்: புதிதாக வரும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, அடுத்த மாதம் எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வருவதாகவும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அறைக்குள் சிகரெட் பிடிக்கலாமா, ஜன்னலோரம் நின்று பிடிப்பதையும் தடை செய்யப் போவதாகச் சொல்கிறார்களே உண்மையா, கையில் இருக்கும் வேப்பை (மின்சிகரெட்டை) பையில் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சிம் கார்டு, வாடகை, எந்த வட்டாரம் நல்லது என்பதும் உண்டு.

சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும். வட்டாரம் உங்கள் வேலையிடத்தைப் பொறுத்தது. வாடகை நிலவரத்தை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புகை விஷயத்தைத்தான் ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. ஏஜெண்டுக்குக் கமிஷன் வந்தால் போதும், வீட்டு ஓனர் சாவியைக் கொடுக்கும்போது "நோ ஸ்மோக்கிங் ஆ" என்று இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுவார். இங்கே வந்து இறங்கிய புதிதில் எது தப்பு, எது சரி என்று தெரியாமல் பயந்து பயந்து நடப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேப். அதைக் கொண்டுவராதீர்கள். இங்கே மின்சிகரெட் என்பார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். பையில் சும்மா கிடந்தாலும் குற்றம்தான். இந்தியாவிலும் 2019-லேயே விற்பனைக்குத் தடை வந்துவிட்டது, ஆனால் அங்கே கடையில் கிடைக்கிறதே என்கிற தைரியம் இங்கே எடுபடாது. 2025 செப்டம்பர் 1-லிருந்து பிடி இன்னும் இறுகிவிட்டது. பெரியவர்களுக்கு முதல் முறையே 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், மறுபடி பிடிபட்டால் கட்டாய மறுவாழ்வு, அதற்கு மேல் நீதிமன்றம். தொடர்ந்து மாட்டுகிற வெளிநாட்டவரின் பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வரவும் முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், எட்டோமிடேட் என்கிற மயக்க மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 2025-ல் பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அது இருந்தது. அதனால் 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் சட்டத்தில் 'சி' வகுப்பில் சேர்த்தார்கள். அதைக் கடத்தி வருபவருக்கு 3 முதல் 20 ஆண்டு சிறையும் 5 முதல் 15 பிரம்படியும் என்று அப்போது விதித்தார்கள். யாராவது "தம்பி, இந்தச் சின்னப் பெட்டியை என் நண்பரிடம் கொடுத்துவிடு" என்று விமான நிலையத்தில் நீட்டினால், சொந்த மாமாவாக இருந்தாலும் கை நீட்டாதீர்கள். உள்ளே என்ன திரவம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான். குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி எல்லாம் 2016 ஆகஸ்டிலிருந்து தடை. ஹான்ஸ் பாக்கெட்டைச் சட்டைப்பையில் மறந்து வைத்துக்கொண்டு வருகிற நம் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன் எல்லாப் பையையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

சிகரெட் தடை இல்லை, ஆனால் இங்கே அதற்கு 'டூட்டி ஃபிரீ' சலுகை கிடையாது. இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சென்னையிலோ திருச்சியிலோ விமான நிலையக் கடையில் ஒரு கார்ட்டன் வாங்கி, ரசீதோடு வைத்திருக்கிறோமே, ஒன்றும் ஆகாது என்று சுங்கத்தின் பச்சை வழியில் நடந்துவிடுவார்கள். உடைத்த பாக்கெட் ஒன்று இருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். 2023 பிப்ரவரியில் ஒரு குச்சிக்கு 49.1 காசு என்று ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் இறங்கவில்லை. அந்தக் கணக்கிலேயே 200 குச்சிக்கு 98 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியதில் என்ன மிச்சம்? கட்டினால் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் ஒவ்வொரு குச்சியிலும் வரி கட்டியதற்கு அடையாளமாக 'எஸ்டிபிசி' என்று அச்சிட்டிருக்கும். அந்த முத்திரை இல்லாத சிகரெட் கையில் இருந்து, ரசீதும் இல்லையென்றால் கள்ளச் சிகரெட் என்றே எடுத்துக்கொள்வார்கள். வேலையிடத்தில் பாதி விலைக்கு நீட்டுபவர்களிடம் வாங்காதீர்கள், வாங்கினவரும் குற்றவாளிதான். 21 வயது ஆகாவிட்டால் எந்தச் சிகரெட்டும் கூடாது.

சரி, எங்கே நின்று பிடிக்கலாம்? அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் வாய்ட் டெக் என்கிற திறந்த தளம், பொது நடைவழி, படிக்கட்டு, படிக்கட்டுத் திருப்பம், லிப்ட் வாசல், கூரை போட்ட நடைபாதை, மேம்பாலம், பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 5 மீட்டர், இவை எல்லாமே 2013-க்குள் தடையாகிவிட்டன. 2022 ஜூலையிலிருந்து பூங்காக்களும் முக்கியமான கடற்கரைகளும் சேர்ந்தன. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் முழுக்க 2019-லிருந்து தடை, ஒதுக்கிய சில இடங்களில் மட்டும் பிடிக்கலாம். மிச்சம் இருப்பது திறந்தவெளிதான். பற்றவைத்த சிகரெட்டைக் கையில் பிடித்தபடி கூரை நடைபாதையைக் கடந்தாலும் பிடித்ததாகவே கணக்கு. அபராதம் 200 வெள்ளி, நீதிமன்றம் போனால் 1,000 வரை. துண்டைக் கீழே போட்டால் அதற்குத் தனி அபராதம்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டும் இடம் படிக்கட்டுத் திருப்பம். மழை பெய்யும், கீழே இறங்கச் சோம்பல், ஒரு மாடி ஏறி நின்றால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். தேசிய சுற்றுப்புற வாரியம் புகார் அதிகம் வரும் இடங்களில் வெப்பம் பதியும் கேமரா வைக்கிறது. சிகரெட் நுனி அதில் வெள்ளையாக எரியும்.

ஒரு காலத்தில் இந்த ஊரும் வேறு மாதிரிதான் இருந்தது. கோப்பிக்கடையில் ஒவ்வொரு மேசையிலும் தகரச் சாம்பல் கிண்ணம் இருக்கும். படிக்கட்டுகளில் துண்டு போடுவதற்கென்றே யாரோ வைத்த மைலோ டின் துருப்பிடித்துக் கிடக்கும். 1970-ல் பேருந்து, திரையரங்கு என்று தொடங்கிய தடை அது. 2006-ல் உணவங்காடிகளுக்கு வந்தது, ஓர் ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு இதற்குள் மட்டும் என்றார்கள். மறு ஆண்டு மதுக்கூடங்களுக்கும் வந்தது. 2017-க்குப் பிறகு புதிதாக அந்த மஞ்சள் கட்டம் யாருக்கும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வியாபாரம் படுத்துவிடும் என்று கூச்சல் கிளம்பும். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு கோப்பிக்கடையில் உட்கார இடம் தேடிப் பாருங்கள், எது படுத்தது என்று தெரியும். நாமும் பழகிக்கொண்டோம். நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒரு ஒழுங்குக்குள் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

இப்போது ஜன்னல். தடை செய்யப் போகிறார்கள் என்பது பல வருடமாக ஓடும் விவாதம். 2020 அக்டோபரில் நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் நாடாளுமன்றத்தில் இதைக் கொண்டுவந்தார். வீட்டு ஜன்னலோரமும் பால்கனியிலும் பிடிப்பதைத் தடை செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே புகையை முகர வேண்டியிருக்கிறது என்றார். கொரோனாவில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நேரம், புகார்கள் குவிந்துகொண்டிருந்தன. அப்போதைய மூத்த துணையமைச்சர் ஏமி கோர், வீடு தனிப்பட்ட இடம், வீட்டுக்குள் கேமரா திருப்புவது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும், ஜன்னலிலிருந்து விரட்டினால் வீட்டின் உள்ளே போய்ப் பிடித்துக் குடும்பத்துக்குத்தான் கெடுதல் என்று பதில் சொன்னார். சட்டம் வரவில்லை.

வர வேண்டும் என்பதுதான் என் கருத்து. வீவக புளோக்கின் அமைப்பைப் பாருங்கள். ஒரே நெட்டுக்கு மாடிக்கு மாடி ஜன்னல், சமையலறையும் குளியலறையும் திறப்பது பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள குறுகிய இடுக்கில். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுவர் இரவில் சூடு விடும், அந்தச் சூட்டோடு காற்று சுவரை ஒட்டி மேலே ஏறும். எட்டாம் மாடியில் ஊதினால் ஒன்பதாம் மாடி ஜன்னலுக்குப் போவது அதனால்தான். மேல்வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, வெளியே நிற்கும் புகையை அது இழுத்துக்கொள்ளும். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தால் தப்பில்லை என்று நினைப்பவர்கள் மேல்வீட்டுக் குழந்தையின் தொட்டில் எங்கே இருக்கிறது என்று யோசிப்பதில்லை. பிறர் விட்ட புகையில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேப்பில் நீராவிதானே என்பார்கள், அதுவும் தப்பு. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், நுண்துகள் எல்லாம் சேர்ந்த மூடுபனி அது.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நிரந்தரவாசம் வாங்கி, காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடிக்குக் குடிபோன நம்மவர் சிலர், டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) தம்பிகள்தான் கண்ட இடத்தில் புகைக்கிறார்கள் என்று பேசுவார்கள். பேசிவிட்டுத் தங்கள் பால்கனியில் நின்று பற்றவைப்பார்கள். டார்மிட்டரியில் இருக்கும் பையன் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து, ஒதுக்கிய புகைமுனை வரை நடந்து போய்ப் பிடித்துவிட்டு வருகிறான். அவனைக் குறை சொல்ல இவர்களுக்கு வாய் வரக் கூடாது.

சட்டம் வரவில்லை என்பதால் ஜன்னலோரம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அண்டை வீட்டுப் புகை, வாடை, சத்தம் எல்லாவற்றுக்கும் சமூகப் பூசல் சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சமரசத்துக்கு அழைக்கலாம், ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். துண்டு கீழே விழுந்தால் கதை இன்னும் மோசம். கீழ்வீட்டு மூங்கில் கழியில் காயும் துணியில் ஓட்டை விழும், சில நேரம் தீயும் பிடிக்கும். 2023 ஜூலையிலிருந்து உயரத்திலிருந்து குப்பை விழுந்த வீடு எது என்று தெரிந்தால், அந்த வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோதான் போட்டார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட 14 நாள். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வீட்டு ஓனர் யாரைக் கூப்பிடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏர்கான் போட்டுப் பிடித்தால் வெளியே தெரியாது என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். இங்கே வீடுகளில் இருக்கும் ஏர்கான் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. புகையில் இருக்கும் தார் வடிகட்டியிலும் அதற்குப் பின்னால் இருக்கும் குளிர்ச் சுருளிலும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சிகரெட்டே பிடிக்காத நாளிலும் ஏர்கானைப் போட்டதும் வாடை அடிக்கும். வடிகட்டியை மட்டும் கழுவினால் போகாது, கெமிக்கல் வாஷ் செய்ய வேண்டும். மெத்தை, திரைச்சீலை, வெள்ளைச் சுவரில் மஞ்சள் படிவு என்று எல்லாவற்றையும் காலி செய்யும் நாளில் டார்ச் அடித்துப் பார்த்து டெபாசிட்டில் கழிப்பார்கள். 2018 ஜூனுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதைப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுகிறவர்களோடு அறையைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், புகைப்பவர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சமையலறைப் பின்கட்டில் பிடிக்கலாமா, கீழே இறங்க வேண்டுமா என்று ஓனர் வாயால் சொன்னதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அறையை வாங்கும் அன்றைக்கே சுவர், மெத்தை, ஏர்கான் மூடியின் உள்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முந்தைய ஆள் விட்டுப்போன கறைக்கு நீங்கள் காசு கட்ட வேண்டாம்.

விட்டுவிட வேண்டும் என்று எண்ணம் இருந்தால், சுகாதார மேம்பாட்டு வாரியம் 28 நாள் 'ஐ குவிட்' திட்டம் நடத்துகிறது. 1800 438 2000 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். சூயிங்கம் தடை இருக்கும் ஊர் என்று பயப்படாதீர்கள், நிக்கோட்டின் கம் மருந்தாளுநரிடம் 2004-லிருந்தே கிடைக்கிறது. கம்மை மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும். காரம் ஏறும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். கோப்பி குடித்த வாயோடு உடனே போட்டால் மருந்து சரியாக இறங்காது, கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள்.