வாசகர் கேள்வி – பதில்: உழவு எழுப்பிய வரப்புகள்

கேள்வி: தென் இங்கிலாந்தின் குன்றுச் சரிவுகளில் கட்டம் கட்டமாகத் தெரியும் 'கெல்டிக் வயல்கள்' பற்றிப் படித்தேன். அவற்றின் வரப்புகளை அவ்வளவு உயரமாகக் கட்டியவர்கள் யார்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலானவற்றை யாரும் கட்டவில்லை; உழவே அவற்றை எழுப்பியது. சரிவான நிலத்தை ஆண்டுதோறும் உழும்போது, இளகிய மண் மழையோடு சிறிது சிறிதாகக் கீழிறங்கி, வயலின் கீழ் எல்லையில் உழாமல் விடப்பட்ட புல்வரம்பிலோ வேலியிலோ தங்கிவிடும்; மேல் எல்லையில் மண் குறைந்துகொண்டே போகும். தலைமுறை தலைமுறையாக இது நடந்ததால், வில்ட்ஷயரின் ஃபைஃபீல்டு மேட்டில் சில வயல்களுக்கு இடையிலுள்ள மண்படி ஆள் உயரத்தை எட்டி நிற்கிறது. இத்தகைய படிகளை வெட்டிப் பார்த்தால், உழவு மண்ணுக்குள் வெள்ளைச் சுண்ணக் கட்டிகளோடு, முனை மழுங்கிய சிறு பானை ஓடுகளும் கிடைக்கின்றன. வீட்டுக் குப்பையைச் சாணத்தோடு சேர்த்து வயலுக்கு எருவாக இட்டபோது வந்து சேர்ந்தவை அவை.

வயல்கள் ஏறக்குறையச் சதுரமாக, பெரும்பாலும் ஒன்றரை ஏக்கருக்குள் அடங்குவதற்கும் கலப்பையையே காரணமாகச் சொல்வர். அன்றைய மரக்கலப்பை, நம் நாட்டுக் கலப்பையைப் போலவே, மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. ஆகவே நெடுக்கே உழுததைக் குறுக்கேயும் உழ வேண்டியிருந்தது.

இவற்றை, ரோமானியருக்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த கெல்ட் மக்களுக்கே உரியவை என்று கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த படங்களில் இவ்வயல்களை அடையாளம் கண்ட தொல்லியலாளர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, ரோமானியருக்குப் பிந்தைய சாக்சன் காலத்து நீள்பட்டை வயல்களிலிருந்து வேறுபடுத்தவே 1923இல் இப்பெயரைப் பயன்படுத்தினார். பல வயல்கள் கி.மு. 1500ஐ ஒட்டி, வெண்கலக் காலத்திலேயே தொடங்கியவை. சில ரோமானியர் காலத்திலும் உழப்பட்டன. பின்னர் ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்ட இடங்களில் அவை தப்பின. அப்படித் தப்பியவற்றில் கணிசமானவற்றை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டிராக்டர் உழவு ஓரிரு தலைமுறைக்குள் மட்டமாக்கிவிட்டது பெரும் இழப்பு.

கேள்வி: குறுக்கே உழுதார்கள் என்பதற்கு நேரடிச் சான்று உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. வில்ட்ஷயரின் ஏவ்பரிக்கு அருகே சவுத் ஸ்ட்ரீட் என்னுமிடத்தில், புதிய கற்கால மக்கள் எழுப்பிய நீண்ட மண்மேட்டை 1960களில் அகழ்ந்தபோது, அதன் அடியில் வெளிறிய சுண்ண அடிமண்ணில் நெடுக்கும் குறுக்குமாக வெட்டிச் செல்லும் உழவுசால்கள் தெரிந்தன. மேலே மேடு மூடியிருந்ததால், கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த அந்தச் சால்கள் கலையாமல் இருந்தன. புதுநிலம் திருத்த ஒருமுறை உழுததா, தொடர்ந்து பயிரிட்டதன் தடமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குறுக்கு உழவு கெல்டிக் வயல்களைவிட மிகப் பழையது என்பதில் ஐயமில்லை.