சண்டை ரோபோவுக்கு எந்த ரிமோட் வாங்கலாம்?

மதுரையில் பொறியியல் படிக்கும் நீங்கள், கல்லூரிப் போட்டிக்கான 8 கிலோ சண்டை ரோபோவுக்கு எந்த ரிமோட் சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொம்மைக் கார் ரிமோட்டைப் பிரித்து மாட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசை தாவி (ஒரே அலைவரிசையில் நிற்காமல் மாறி மாறி) இயங்கும் கருவியே வேண்டும். ரோபோவுக்குள் இருந்து சிக்னலை வாங்கும் ரிசீவரை அதனுடன் இணைத்துவிட்டால் எதிரணி ரிமோட் குறுக்கிடாது. சக்கரங்களுக்கு இரண்டு சேனல் (தனித்தனிக் கட்டளை வழி), ஆயுதத்துக்கு ஒன்று. ஆறு சேனல் கொண்ட ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட் தாராளமாகப் போதும். அதற்கு மேல் செலவழிப்பதை விட அந்தக் காசில் நல்ல பேட்டரி வாங்குவேன்.

உயிர்நாடி ஃபெயில்சேஃப்தான். சிக்னல் அறுந்ததும் ஆயுதமும் சக்கரமும் தாமாக நிற்க வேண்டும். ஐ6-இல் இதை மெனுவில் நாமே அமைக்க வேண்டும். வில்லாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒருமுறை அமைக்க மறந்து ரிமோட்டை அணைத்தேன். ஆயுதத் தகடு சுழன்றுகொண்டே போய் அம்மா காயவைத்த வடாம் துணியைச் சுருட்டிக்கொண்டது. ஆயுதத்தைக் கழற்றி, சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிவைத்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். எல்லாம் நின்றால் சரி.

ரிசீவர் ஆன்டெனாவை அலுமினியப் பெட்டிக்குள் மூடிவிடாதீர்கள், சிக்னல் நுழையாது. மோட்டார் திணறும்போது மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து எழுவதும் உண்டு. ரிசீவருக்குத் தனியாக 5 வோல்ட் பெக் (BEC, பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகத் தரும் சிறு சர்க்யூட்) கொடுங்கள்.