அலமாரியில் தங்கிவிட்ட வேதாகமங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் புத்தக மேசையைப் பல வருஷமாக நான்தான் கவனித்து வருகிறேன். முன்பெல்லாம் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு முன்னால் வேதாகமச் சங்கத்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைப்போம், அவ்வளவும் விற்றுப்போகும். போன வருஷம் வாங்கியதில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. சபைக் குருவான ஐயர் வேத அதிகாரத்தைச் சொன்னதும் பிள்ளைகள் போனை எடுக்கிறார்கள். பெரியவர்களும் திரையில் விழும் வசனத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் மருமகன், அங்கே கிறிஸ்தவக் கோயில்களையே மூடி விற்கிறார்கள் என்கிறார். வேதாகமம் வாங்க ஆளில்லை என்றால் இன்னும் ஐம்பது வருஷத்தில் கிறிஸ்தவம் என்ன ஆகும்? இந்த வருஷம் புதிதாக ஆர்டர் போடவேண்டாம் என்று கமிட்டியில் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஒரு வாசகர், சாயர்புரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் வேதாகமத்தின் முன்பக்கத் தாளில்தான் மூன்று தலைமுறையின் பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் புத்தகம் அலமாரியில் தூங்குவதைப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் வேதாகம விற்பனையை வைத்து விசுவாசத்தை அளக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

உங்கள் மருமகன் இருக்கும் நாட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்கள் 59.3 சதவீதம். 2021-ல் அது 46.2 ஆகிவிட்டது. அங்கே எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் பாதிக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. சரி, வேதாகம விற்பனையும் சரிந்திருக்க வேண்டுமே? பிரிட்டனில் 2019-ல் சுமார் 27 லட்சம் பவுண்டுக்கு விற்ற வேதாகமம், 2024-ல் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றிருக்கிறது. விலை ஏறியதும் அந்தப் பணக்கணக்கில் சேர்ந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் வளர்ச்சி பெரிது. அமெரிக்காவிலும் இப்படித்தான். 2022-ல் அமெரிக்க வேதாகமச் சங்கம் எடுத்த கணக்கில் வேதம் வாசிப்பவர்கள் ஒரே வருஷத்தில் 50 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக இறங்கியிருந்தார்கள். ஆனால் 2024-ன் முதல் பத்து மாதங்களில் வேதாகம விற்பனை முந்திய வருஷத்தைவிட 22 சதவீதம் கூடியது. வாங்குவது ஒரு கணக்கு, வாசிப்பது வேறு கணக்கு. சபைக்கு வருவது இரண்டிலும் சேராத மூன்றாவது கணக்கு.

இதற்கு நேர் எதிரான கதை சீனாவில் நடந்தது. 1966-ல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் கோயில்களையெல்லாம் மூடினார்கள். வேதாகமங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பல ஊர்களில் ஒரு முழு வேதாகமம்கூட மிச்சமில்லை. ஒளித்துவைத்த பிரதியைப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியாகக் கையால் எழுதி எடுத்துக்கொண்டார்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1979-ல் கோயில்கள் மறுபடி திறக்க ஆரம்பித்தபோது பார்த்தால், கிறிஸ்தவர்கள் குறைந்திருக்கவில்லை, பெருகியிருந்தார்கள். அச்சு வந்தது அதற்கப்புறம்தான். நான்ஜிங்கில் 1980-களின் கடைசியில் தொடங்கிய அமிட்டி அச்சகம் 2019-க்குள் 20 கோடிப் பிரதிகளை அச்சடித்துவிட்டது. உலகத்திலேயே பெரிய வேதாகம அச்சகம் இன்று அதுதான். ஆனால் அந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் இணையக் கடையில் ஒரு வேதாகமம் வாங்க முடியாது. 2018-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பதிவுபெற்ற சபைக்குப் போய்த்தான் வாங்கவேண்டும். புத்தகம் எங்கே எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே விசுவாசம் தழைக்கும் என்று சொல்லிவிட முடியாது, ஐயா.

நமக்கு மட்டும் ஏன் அச்சுப் புத்தகம் இவ்வளவு உயிராகிவிட்டது? அதற்குக் காரணம் உண்டு. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழ்தான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கி, இரண்டே வருஷத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்தன. அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற காகிதம் எந்த மூலைக்கு? அதனால் உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து மிஷனரிகளுக்கு வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகடுகளை உருக்கித்தான் அந்த எழுத்துகளை வார்த்ததாகச் சொல்வார்கள். சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் 1714-ல் வந்தன, மீதி 1715-ல் முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு தீராமல் பக்கத்திலிருந்த பொறையாற்றில் ஒரு காகித ஆலையே போட்டார்கள். ஒரு புத்தகத்துக்காக எழுத்து, மை, காகிதம் எல்லாவற்றையும் கடற்கரையில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்கியவர்களின் வழிவந்த சபை இது.

அப்புறம் உங்கள் திருநெல்வேலிச் சீமை. 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் வந்தது. பனையேறிகளின் பிள்ளைகளும், அதுவரை எழுத்தே மறுக்கப்பட்ட சாதிகளின் பெண்பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகம் பெரும்பாலும் வேதாகமமாகவோ அதன் ஒரு பகுதியாகவோதான் இருந்தது. ஆகவே வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பதென்றால் நம் ஊரில் ‘எனக்கும் வாசிக்கத் தெரியும்’ என்ற நிமிர்வும் அதோடு சேர்ந்தது. கோயிலுக்குப் போகும்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். அந்த நிமிர்வு இன்றைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிடுகிறது. அது நல்ல விஷயம்தானே?

போனில் படிக்கிறார்களே என்பதும் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சபை வெளியிட்ட யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலி 2021-க்குள் 50 கோடி சாதனங்களில் இறங்கிவிட்டது. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள், வாசிக்க முடியாதவர்கள் கேட்கிறார்கள். அச்சு வருவதற்கு முந்திய பதினாலு நூற்றாண்டும் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் வேதத்தைக் காதால்தான் கேட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் என் உண்மையான கவலை ஒன்று உண்டு. போனில் வேதம் துண்டு துண்டாக வருகிறது. காலையில் ஒரு சூரிய உதயப் படம், அதன்மேல் எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே.” புதுவருஷ ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் இதே வசனம் அடிக்கடி வரும். பரீட்சைக்குப் போகிற பையனுக்கும் விசாவுக்குக் காத்திருக்கிற பெண்ணுக்கும் இதைத்தான் அனுப்புகிறோம். அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் கண் தானாகவே மேலே உள்ள வசனத்தில் விழும். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு என்று பத்தாம் வசனம் சொல்கிறது. இடதுபக்கம் ஒரு தாளைப் புரட்டினால் 28-ம் அதிகாரம். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்தமாதிரி சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசியும், அவனோடு எரேமியா மோதியதும் அங்கே இருக்கிறது. அதையெல்லாம் தாண்டித்தான் எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அப்பேர்ப்பட்ட வாக்கு, ஐயா! அதைச் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டோம். இந்தத் துண்டுபோடும் பழக்கம் போனுக்கு முன்பே அட்டைகளாலும் காலண்டர்களாலும் நம்மிடம் வந்துவிட்டது. போன் அதை வேகமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிறிஸ்தவம் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2020-ல் ஐரோப்பாவின் பங்கு 22 சதவீதம்தான். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பங்கு ஏறத்தாழ 31 சதவீதம். மருமகன் பார்க்கிற பூட்டிய கோயில்கள் நிஜம். அதோடு இதையும் அவரிடம் சொல்லுங்கள்: பிரெஸ்டன் நகரத்தில் ஆள் இல்லாமல் மூடிய கத்தோலிக்கக் கோயில் ஒன்றைக் கேரளத்து சீரோ மலபார் சபையார் ஏற்றார்கள். 2016-ல் அது அவர்களுடைய பேராலயமாகவே ஆகிவிட்டது. பேர் கேரளத்துப் புனிதை அல்போன்சாவின் பேர். நூற்றாண்டுகளாக மிஷனரிகளை அனுப்பிய தேசத்தில் இன்று ஆராதனையைத் தாங்கி நிற்பவர்களில் மலையாளிகளும் நைஜீரியர்களும் நிறையப் பேர். ஒரு மூலையில் அணைகிறது என்பதால் முழுவதும் அணைகிறது என்று நினைக்கவேண்டாம்.

நம் ஊர்ச் சபைகளைப் பற்றித்தான் எனக்குப் பயம், அதற்குப் போன் காரணமில்லை. பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தில் தேர்தல் வந்தால் கோர்ட், வழக்கு, அணிகள். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்து இடம் பிரிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கர்த்தருடைய பந்தியில் எல்லாரும் ஒரே அப்பம் என்று சொல்லிவிட்டு, கல்யாணம் என்று வந்ததும் சாதியை விசாரிக்கிறோம். இருபது வயதுப் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அது கோயிலுக்கு வருவதை நிறுத்தினால் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும். தோல் அட்டை போட்ட வேதாகமத்தை இலவசமாகவே கொடுத்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

சரி, உங்கள் அலமாரிக்கு வருகிறேன். கமிட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுதாக நிறுத்தவேண்டாம். ஜிப் உறை போட்ட சிறிய எழுத்துப் பிரதிகளை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். பெரிய எழுத்துப் பிரதிகளாகக் கொஞ்சம் வரவழையுங்கள், வயதானவர்கள் வாங்குவார்கள். மீந்திருப்பவற்றை ஓய்வுநாள் பள்ளிக்குக் கொடுத்து, அசனத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து ரூத் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாலே அதிகாரம், அரைமணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு பிள்ளையும் சில வசனம் வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். போனில் பார்த்து வாசிக்கிற பிள்ளை இருந்தால் அதையும் அப்படியே வாசிக்க விடுங்கள். முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஐயரையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரூத் என்ற மோவாபிய அந்நியப் பெண்ணை ஒரு குடும்பம் எப்படி ஏற்றது என்று கட்டாயம் கேட்பார்கள்.

அன்புடன்.