கணக்கு டீச்சர் பதில்கள்: பெரிய புத்தகங்கள்

முதுகலை படிக்கிற பிள்ளைகள் கைடு புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். பயன்பாட்டுக் கணிதம், புள்ளியியல், கோட்பாட்டு இயற்பியல் என்று மூன்று பக்கமிருந்தும் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதம் முழுக்க அவற்றுக்கே பதில்.

கேள்வி: டீச்சர், நான் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். லாந்தாவும் லிஃப்ஷிட்ஸும் எழுதிய கோட்பாட்டு இயற்பியல் வரிசையில் முதல் தொகுதியான இயக்கவியலை ஆசையாக வாங்கினேன். நான்காம் பிரிவைத் தாண்ட முடியவில்லை. ஒரு மாதமாக அதே பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு இதற்கான மூளை இல்லையோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, நீங்கள் நிற்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். நாகமலையில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் நானும் அங்கேதான் நின்றேன். நான் கணிதத் துறை. இயற்பியல் படித்த விடுதித் தோழியிடம் அந்தப் புத்தகத்தைக் கடன் வாங்கியிருந்தேன். திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் வேறு.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எந்த விசையும் இல்லாமல் தனியாகப் போகிற ஒரு துகள். வெளி எல்லா இடத்திலும், எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்கிறது. நேரமும் அப்படியே. அதனால் லக்ராஞ்சியனில் (இயக்கச் சமன்பாட்டைத் தருகிற சார்பில்) இடம் வர முடியாது, நேரம் வர முடியாது, திசையும் வர முடியாது. திசைவேகத்தின் வர்க்கம் மட்டும்தான் வரலாம். இதுவரை உங்களுக்குப் புரிந்திருக்கும். அடுத்து, மிகச் சிறிய வேகத்தில் நகர்கிற இன்னொரு குறிப்பாயத்திலிருந்து, அதாவது நகர்ந்துகொண்டே பார்க்கிற ஒருவர் நிலையிலிருந்து, அதே துகளைப் பார்க்கிறார்கள். லக்ராஞ்சியனை விரித்தால் கூடுதலாக ஓர் உறுப்பு முளைக்கிறது. அந்த உறுப்பு ஒரு முழு நேர வகைக்கெழுவாக இருக்க வேண்டும், ஆகவே அதற்கு முன்னால் நிற்கும் கெழு திசைவேகத்தைச் சார்ந்திருக்காது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் கால் இடறியது அந்த 'ஆகவே'யில்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு அதற்குள் போங்கள். முழு நேர வகைக்கெழு என்றால் ஏன் தொந்தரவில்லை? ஆக்‌ஷன் (நேரத்தின் மேல் லக்ராஞ்சியனின் கூட்டல்) என்கிற தொகையீட்டுக்குள் அது போனால், கடைசி முனையில் உள்ள மதிப்பிலிருந்து முதல் முனையில் உள்ள மதிப்பைக் கழித்தது மட்டும்தான் மிச்சம். முனைகள் இரண்டையும் நாம் முன்பே கட்டி வைத்துவிட்டோம். பாதையை ஆட்டினாலும் அந்த மிச்சம் ஆடாது. அதனால் இயக்கச் சமன்பாடும் மாறாது. சரி, நமக்கு வந்த உறுப்பு எப்படிப்பட்டது? துகளின் திசைவேகத்துக்கும் அந்தச் சிறிய வேகத்துக்கும் உள்ள புள்ளிப் பெருக்கம், அதற்கு முன்னால் ஒரு கெழு. புள்ளிப் பெருக்கம் மட்டும் தனியாக இருந்தால் அது ஏற்கெனவே ஒரு நேர வகைக்கெழு, ஏனென்றால் திசைவேகமே இடத்தின் வகைக்கெழு. முன்னால் நிற்கிற கெழுவும் திசைவேகத்தோடு மாறினால் அந்தக் குணம் போய்விடும். ஆகவே கெழு மாறிலி. அந்த மாறிலிதான் நிறையில் பாதி. பத்தாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த அரை எம் வி ஸ்கொயர் எங்கிருந்து பிறக்கிறது பாருங்கள்! எனக்கு இது விளங்க நான்கு நாள் ஆனது. நோட்டில் இரண்டு பக்கம். புத்தகத்தில் அது சில வரிகள்தான்.

ஒரு மாதம் ஒரு பக்கத்தில் நின்றதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை தம்பி. அந்தப் புத்தகம் யாருடைய சூழலில் உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள். சோவியத் இயற்பியலாளர் லாந்தாவிடம் சேர விரும்பியவர்கள் 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்ற தேர்வு வரிசையைத் தாண்ட வேண்டியிருந்தது. 1961 வரை தேறியவர்கள் 43 பேர். அதில் முதல் தேர்வு இயற்பியலே இல்லை, கணிதம். தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் கை தானாகப் போட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் நீங்கள் முதலில் மேரி போவாஸ் எழுதிய இயற்பியலுக்கான கணித முறைகள் புத்தகத்தையோ, கிரைஸிக்கின் பொறியியல் கணிதத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் ஐந்து கணக்குப் போடுங்கள். இயக்கவியலுக்குத் துணையாக கோல்ட்ஸ்டைன் எழுதிய புத்தகம் இருக்கட்டும், அவர் நிதானமாகப் பேசுவார். லாந்தாவை வாரம் ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: தமிழில் இந்த மாதிரிப் புத்தகம் எதுவும் இல்லையா?
ஒரு வாசகி, வாடிப்பட்டி

பதில்: இளங்கலை அளவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பல பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு மேலே, இந்தக் கடிதங்களில் வருகிற தரத்துக்கு, நாம் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நோட்டு எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள். 'இதனால் இது' என்று நம் மொழியில் எழுத முடிந்தால்தான் எனக்கே புரிந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் வேலை. கல்லூரியில் குப்தா – கபூர் புத்தகத்தை வைத்துப் புள்ளியியல் பாஸ் செய்தேன். சூத்திரம் எல்லாம் மறந்துவிட்டது. இப்போது உண்மையாகவே புரிந்து படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகர், மேலூர்

பதில்: ஐயா, குப்தா – கபூரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணக்குப் பயிற்சிக்கு அது இன்றும் உதவும். ஆனால் நிகழ்தகவு என்றால் என்ன என்று மனதில் இறங்க, வில்லியம் ஃபெல்லரின் முதல் தொகுதிக்குப் போங்கள். 1950-ல் முதலில் வந்தது. எண்ணிப் பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகளை மட்டும் வைத்தே முழுத் தொகுதியையும் எழுதியிருக்கிறார். கனமான கணிதம் தேவைப்படுகிற விஷயங்களை இரண்டாம் தொகுதிக்கு ஒதுக்கிவிட்டார். உங்களைப் போல இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

அதில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். இரண்டு பேர் பூவா தலையா போடுகிறார்கள். பூ விழுந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய், தலை விழுந்தால் எதிராளிக்கு. மொத்தம் 20 தடவை சுண்டுகிறார்கள். ஆட்டம் முடிகிறவரை யார் எவ்வளவு நேரம் முன்னால் இருப்பார்? பாதி நேரம் நீங்கள், பாதி நேரம் அவர், அதுதான் அடிக்கடி நடக்கும் என்று நம் மனம் சொல்லும். வகுப்பில் கேட்டால் அறுபது பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டால் நேர் எதிர். இருவரும் சமமாக நிற்கிற நேரத்தை, அதற்குச் சற்று முன் யார் முன்னால் இருந்தாரோ அவர் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிபாதியாகப் பிரிவதற்கான வாய்ப்பு சுமார் 6 சதவீதம். யாராவது ஒருவரே கடைசிவரை முன்னால் இருப்பதற்கான வாய்ப்பு 35 சதவீதம்! நாணயம் நேர்மையானது, இரண்டு பேருக்கும் எந்தத் திறமையும் இல்லை, அப்படியும் இப்படி.

வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சுண்டிப் பாருங்கள். உங்கள் வங்கியில் ஒரு கிளை வருடம் முழுக்க முதலிடத்தில் இருந்தது, இன்னொன்று கடைசியிலேயே கிடந்தது என்று அறிக்கை வருமே, அதைப் படிக்கிற கண் மாறிவிடும்.

ஃபெல்லர் பாதி முடிந்த பிறகு சி. ஆர். ராவ். அவருடைய நேரியல் புள்ளியியல் உய்த்துணர்தல் 1965-ல் வந்த புத்தகம். அதற்கு அணிக்கோவை, அணிகள் எல்லாம் திடமாக வேண்டும், அதனால் அவசரம் வேண்டாம். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ராவ். வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு அன்றிரவே விடை கண்டுபிடித்து, 1945-ல் கட்டுரையாக வெளியிட்டார். பிறழ்ச்சியற்ற (சராசரியில் சரியான விடை தருகிற) ஒரு மதிப்பீட்டின் பரவற்படி (விடைகள் சிதறுகிற அளவு), எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக முயன்றாலும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது என்பது அதில் உள்ள முடிவு. இன்று உலகம் முழுக்க கிராமர் – ராவ் எல்லை என்று படிக்கிறார்கள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை.

கேள்வி: என் மகள் கணிதம் படிக்கிறாள். அவள் கேட்கிற புத்தகம் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. எனக்கு அலங்காநல்லூர் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு மட்டும்தான். மறுக்கவும் மனசு வரவில்லை.
ஒரு தகப்பன்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மறுக்க வேண்டாம், கடனும் வாங்க வேண்டாம். வெளிநாட்டுப் பதிப்பு விலையைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பல புத்தகங்களுக்கு இந்தியாவில் அச்சாகிற மலிவுப் பதிப்பு உண்டு. அப்புறம் டோவர் என்ற பதிப்பகம் பழைய உயர்ந்த புத்தகங்களைக் குறைந்த விலையில் மறுபதிப்பு செய்கிறது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஸ்னெடன் எழுதியதும் அதில் இருக்கிறது. பாப்பாவுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. ஃபெய்ன்மனின் இயற்பியல் விரிவுரைகள் மூன்று தொகுதியையும் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் டேவிட் டாங் என்ற இயற்பியல் பேராசிரியர் தன் வகுப்புக் குறிப்புகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யின் பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணைய வகுப்புத் திட்டம் வழியாகப் போனிலேயே கிடைக்கின்றன. அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதைக் கேட்டால் பாடத்தின் மேல் ஆசை வந்துவிடும். மதுரை புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். அவள் உள்ளே படிக்கட்டும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பழைய புத்தகக் கடைகளை விட்டுவிடாதீர்கள். நான் டெமிடோவிச்சின் கணக்குப் புத்தகத்தை, மாஸ்கோ மிர் பதிப்பு, அட்டை கிழிந்த ஒன்றை அப்படித்தான் வாங்கினேன்.

வாங்குவதென்றால் வருடத்துக்கு ஒன்று போதும். அந்த ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: எஸ். சந்திரசேகர் நோபல் பரிசு வாங்கிய தமிழர் என்று வகுப்பில் சொல்கிறேன். அவர் புத்தகத்தை என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர் படிக்க முடியுமா?
ஒரு முதுகலை ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு என்று 1983-ல் அவர் எழுதியது மலை. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1939-ல் வந்த விண்மீன்களின் அமைப்பு பற்றிய புத்தகம் உங்களால் முடியும். வெப்ப இயக்கவியல் விதிகளில் தொடங்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார். நான்காம் அத்தியாயத்தில், விண்மீனுக்குள் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று சொல்கிற லேன் – எம்டன் சமன்பாடு வரும். அதற்கு 0, 1, 5 என்று மூன்று குறியீட்டெண்களுக்கு மட்டும் முழுமையான தீர்வு தாளிலேயே போட்டுவிடலாம். மற்ற மதிப்புகளுக்கு எண்முறைதான். முதல் இரண்டையும் பிளஸ் டூ பிள்ளைகளில் ஆர்வமுள்ள ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் போட்டுப் பார்த்த கணக்கு, வெண் குறுமீன்களுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களுக்கு) ஓர் எல்லை நிறை உண்டு என்பது, அந்தப் புத்தகத்தின் பின்பகுதியில் முழு வடிவத்தில் இருக்கிறது.

கேள்வி: கணக்குக்கு விடை எல்லாம் இணையத்தில் நொடியில் வந்துவிடுகிறதே, இன்னும் உட்கார்ந்து போட வேண்டுமா?
ஒரு மாணவி, அரசரடி

பதில்: வேண்டும். விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நீ போட்டது என்று ஒன்று இருக்க வேண்டும், பாப்பா. முதல் ஒரு மணி நேரம் போனை அடுத்த அறையில் வைத்துவிடு.

கேள்வி: கூரண்ட் – ஹில்பர்ட் எழுதிய கணித இயற்பியல் முறைகள் இன்றும் படிக்கத் தகுந்ததா, இல்லை வெறும் பெயருக்குத்தானா?
ஓர் ஆய்வு மாணவர், சிம்மக்கல்

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கணித இயற்பியல் முறைகள் முதல் தொகுதி ஜெர்மனில் 1924-ல் வந்தது. ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டை எழுதியது 1926-ல். அதாவது குவாண்டம் இயக்கவியலுக்கு வேண்டிய ஐகன் மதிப்புக் (ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு கிடைக்கிற சிறப்பு எண்கள்) கணிதம், அதைக் கேட்கிற இயற்பியல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அச்சில் தயாராக இருந்தது. கூரண்ட் 1933-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக வேலையை இழந்து பிறகு நியூயார்க் போனார். ஆங்கிலப் பதிப்பு 1953-ல்.

நீங்கள் முழுவதையும் படிக்க வேண்டாம். ஐந்தாம் அத்தியாயத்தை, அதிர்வுகளும் ஐகன் மதிப்புகளும், எடுத்துக்கொள்ளுங்கள். வீணைக் கம்பி, தவில் தோல் இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு உருவம் என்பது அங்கே கண்முன் வரும். கம்பியின் அதிர்வெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மடங்காக ஏறும். வட்டத் தோலில் அப்படி ஏறாது, பெஸ்ஸல் சார்பு என்ற ஒன்று பூஜ்யமாகிற இடங்கள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு ஆறாம் அத்தியாயத்தில், சமன்பாட்டைத் தீர்க்காமலேயே ஐகன் மதிப்பு எவ்வளவு இருக்கும் என்று மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்குகிற வித்தை.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இந்தப் புத்தகம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருந்தது. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். வகுப்பு முடிந்து மூன்றரை மணி முதல் ஐந்து மணி வரை நூலகத்தில் உட்கார்ந்து, ஐந்தாம் அத்தியாயத்தை நீள நோட்டில் எழுதி எடுத்தேன். நான்கு மாதம். விட்டுப்போன படிகளை வலது பக்கத்தில் சிவப்பு மையில் போட்டேன். பல வருடம் கழித்து அந்தப் பீரோவைக் காலி செய்து பழைய பேப்பருக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டோ வைத்து எடுத்து வந்திருப்பேன்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. சிவப்பு மைப் படிகளை மட்டும் திரும்ப எழுதி வருகிறேன், வட்டத் தோல் வரை வந்துவிட்டேன். பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், முடிந்தவரை நகல் எடுத்து அனுப்புகிறேன்.