சமணர் மலை ஒருநாள் நடை: கேட்டதும் சொன்னதும்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. அந்த ஊரை ஒட்டிக் கிடக்கிறது சமணர் மலை, பழங்காலத்தில் சமணத் துறவிகள் இருந்த மலை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே அடிக்கடி ஏறுகிறேன் என்பதால், போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி வேறு. ஏற முடியுமா?

சுனையும் சமணச் சிற்பங்களும் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை முடியும். அய்யனார் கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. அதற்கு மேலே வெறும் பாறைச் சரிவுதான். அம்மாவைச் சுனைப் பக்கம் நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம். முழங்கால் இறங்கும்போதுதான் படுத்தும், ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். ஒன்பதைத் தாண்டினால் பாறை காய ஆரம்பித்துவிடும், மேலே ஒதுங்க மரமும் இல்லை. சித்திரை வைகாசியில் கேட்டால் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். கார்த்திகை முதல் மாசி வரை அருமையாக இருக்கும்.

படிதான் இருக்கிறதே ஐயா, வழிகாட்டி எதற்கு?

வழி தவற வாய்ப்பில்லை, ஏறி இறங்க மட்டும் என்றால் யாரும் வேண்டாம். நாற்பது நிமிடத்தில் மேலே போய் செல்ஃபி எடுத்துவிட்டு, ‘ஒன்றும் இல்லையே’ என்று இறங்கி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தால் அதே மலை அரை நாள் பிடிக்கும். மதுரையில் பசுமை நடைக் குழுவினர் இப்படிப்பட்ட தொல்லியல் இடங்களுக்கு ஞாயிறு காலைகளில் ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். தனியாக வருகிறவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

பேச்சிப்பள்ளத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரே பாறை முகத்தில் எட்டுத் திருமேனிகள், அதாவது புடைப்புச் சிற்பங்கள், வரிசையாக இருக்கின்றன. சில உட்கார்ந்திருக்கும், சில நிற்கும். தலைக்கு மேல் ஐந்தலை நாகம் இருந்தால் அவர் பார்சுவநாதர், சமணத் தீர்த்தங்கரர்களில் ஒருவர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி, சமணர் போற்றும் துறவி. முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் அமைதியாக அமர்ந்திருப்பவர்களில் மகாவீரரும் உண்டு. எல்லோரும் இதைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் உருவங்களின் கீழே பாருங்கள், வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம் ஒன்றில், வரிகள் இருக்கும். 9, 10-ஆம் நூற்றாண்டு எழுத்து. அந்தத் திருமேனியைச் செய்யச் சொன்னவர் யார் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. அதில் ஒன்று, ‘அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’. அச்சணந்தி என்ற சமணத் துறவி சாதாரண ஆள் இல்லை. தென்பாண்டி நாட்டு மலைகள் பலவற்றில் அவர் பெயர் வருகிறது. இங்கே நிற்பது அவரைப் பெற்றவள் பெயர். ராஜா பெயர்களை விட எனக்கு இந்த ஒரு வரி பெரிதாகப் படுகிறது.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் எழுத்துகள் தெளியும். உச்சி வெயிலில் வெறும் கீறலாகத்தான் தெரியும்.

எழுத்து தெரியவில்லை என்றால் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கூடவே கூடாது. மாவு, எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள், போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. பக்கத்துப் பாறையில் பெயர் கிறுக்கி வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

இன்னும் மேலே?

மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் தன் அரசியின் பெயரால் எடுப்பித்த பள்ளி. உச்சிப் பக்கம் ஒரு விளக்குத் தூண், அதனருகே கன்னடக் கல்வெட்டு. மதுரை மலையில் கன்னடமா என்று கேட்காதவர் இல்லை. கர்நாடகச் சமண மையங்களோடு இந்த இடத்துக்கு இருந்த தொடர்பு அது. 2012-இல் இதே மலையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியென்றால் இங்கே துறவிகள் இருந்த கதை அந்தப் பாண்டிய மன்னனுக்கும் பல நூறு ஆண்டுகள் முந்தியது. அப்புறம் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும், கீழே வயலும் தோப்பும், தூரத்தில் மதுரை.

செட்டிப்புடவு குகையும் இதே வழியிலா?

இல்லை. கீழே இறங்கி, மலையைச் சுற்றி மறுபக்கம் போக வேண்டும். அங்கே சில படிகள்தான். குகை வாசலில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். அவரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். உள்ளே குனிந்து போய் மேல்வளைவைப் பாருங்கள். சிங்கத்தின் மேல் வில்லோடு ஓர் இயக்கி (சமணக் காவல் தெய்வம்), எதிரே யானை மேல் ஒருவன். சண்டைக் காட்சி, அதுவும் சமணக் குகையில்!

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், சுனைத் தண்ணீரை நம்ப வேண்டாம். மேலே எந்த வசதியும் கிடையாது. இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, இறங்கியதும் தாமரைக் குளத்தருகே ஆலமர நிழலில் பிரியுங்கள். இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்துப் போங்கள்.

மழை வந்தால்?

ஏறாதீர்கள். ஈரப் பாறை வழுக்கும். பாதி வழியில் பிடித்துக்கொண்டால் கம்பி இருக்கும் பகுதிக்கு இறங்கி, நின்ற பிறகு வாருங்கள்.

மதியத்துக்குப் பிறகு பக்கத்தில் வேறு ஏதாவது?

கொங்கர் புளியங்குளம் போங்கள். துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள் மூன்று. குகை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாதபடி நீளமாகக் காடி (பள்ளக் கோடு) வெட்டியிருப்பார்கள், அதைக் கட்டாயம் பாருங்கள். வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல் போனால் போதும்.