பழைய எஸ்யூவிக்கு 18 இன்ச் அலாய் வீல் போடலாமா? டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து வயதைத் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். 235/70 R16 டயர் நாலும் மொட்டை. மாற்றும் சாக்கில் 18 இன்ச் அலாய்க்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

போகலாம், பொருந்தும். நானாக இருந்தால் போக மாட்டேன்.

235/70 R16 என்றால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், 16 என்பது ரிம்மின் விட்டம் இன்ச்சில். மொத்த விட்டம் சுமார் 735 மி.மீ. 255/55 R18-க்குப் போட்டுப் பார்த்தாலும் 738 தான் வருகிறது. ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய சரியாகவே காட்டும். ஆனால் பக்கச்சுவர் 164-லிருந்து 140 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் முதல் அடியை வாங்குவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அது குறைந்தால் மிச்சம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் என்று சஸ்பென்ஷனில் ஏற்கெனவே தளர்ந்துபோன சாமான்களின் தலையில் விழும். ஆசை விடவில்லை என்றால் 17 வரை போங்கள். 235/65 R17-க்கும் விட்டம் 737 தான்.

அப்படிப் போனால் லோடு இண்டெக்ஸை, அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் பலர் கோட்டைவிடும் இடம் இது. 106 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 104 என்றால் 900 தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ கம்பெனி சொன்ன அளவு இருக்கும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

ரிம்மில் நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் பிசிடியும் (அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 15 மி.மீ. குறைந்தால் சக்கரம் அதே 15 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், வீல் பேரிங் சீக்கிரம் தேயும். நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அளவான வளையம் போட வேண்டும். பழைய அலாய் மலிவாகக் கிடைக்கிறது என்றால் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு ஆட்டம் பார்த்த பிறகு வாங்குங்கள். விரிசலை வெல்டிங் வைத்து மூடியதைத் தொடவே வேண்டாம்.

இப்போது உள்ள டயர்களைக் கழற்றிப் போடும் முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியின் சரித்திரத்தை விற்றவரைவிட அவை நேர்மையாகச் சொல்லும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு கோளாறில் எது இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும்.

உங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ் என்பதால் இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்ற பேச்சு வேண்டாம். சுற்றளவு வித்தியாசப்பட்டால், இன்ஜின் சக்தியை சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் மீது சுமை ஏறும். நாலும் ஒரே மாடலாக, ஒன்றாகவே வாங்குங்கள். தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு ஹெச்.டி. (ஹைவே டெரெய்ன்) வகை போதும். முரட்டு ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சத்தம் அதிகம், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

அப்புறம், பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் நாலைந்து வருடம் கிடந்த சரக்கை தள்ளுபடி என்று தந்தாலும் வாங்காதீர்கள்.

மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். அலாய் நட்டும் ஸ்டீல் ரிம் நட்டும் பல வண்டிகளில் வேறு வேறு. ஸ்டெப்னி ஸ்டீலாகவே இருந்தால் பழைய நட்டு ஒரு செட்டை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.